மிளகாய் பேரத்தின் நடுவே ஓர் ஊசி

14, செவ்வாய்க்கிழமை

இன்று வாடிக்கையாளர் முன்னாலேயே சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். இத்தனை மாதமும் கடையில் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துதான் போட்டேன். எனக்குக் கை கால் இறுகிப்போகும் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தால், இந்தக் கடை இனி எத்தனை நாளைக்கு என்று யோசித்து வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

நிபோங் திபாலில் மளிகைக் கடை வைத்திருக்கும் முனியாண்டி, என்னிடம் காய்ந்த மிளகாய் வாங்க விலை பேச வந்திருந்தான். கிலோவுக்குப் பதினேழு வெள்ளி தருகிறேன் என்றான். நான் பதில் சொல்வதற்குள் காலையில் போட்ட மாத்திரையின் வேகம் அடங்கிவிட்டது. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. முகம் இறுகி, பேச்சு வரவில்லை. அவனோ நான் பிகு பண்ணுவதாக நினைத்துக்கொண்டான்.

"என்னண்ணே, மூஞ்சிய இப்படி வெச்சிக்கிட்டா எப்படி லா? சரி, பதினெட்டு!"

என் மனைவி செல்வி ஊசிப் பேனாவில் டாக்டர் சொன்ன அளவைத் திருகி என் கையில் வைத்தாள். போட்டுக்கொண்டேன். பத்து நிமிடத்தில் வாய் திறந்தது. உள்ளதைச் சொன்னேன்.

"அப்போ நான் சும்மாவா ஒரு வெள்ளி கூட்டினேன்? அடுத்த தடவ ஊசிய போட்டுட்டு வந்து பேசுங்கண்ணே!"

செல்வி சிரித்துவிட்டாள். அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நோயைக் காட்டி ஏற்றிய விலை எனக்கு வேண்டாம். அதற்காகப் பதினேழுக்கும் கொடுக்க மாட்டேன், சரக்கு அப்படி. நாளையிலிருந்து ஊசிப் பேனா கல்லாப்பெட்டி பக்கத்திலேயே இருக்கும்.

முடிந்தது கிலோ பதினேழரை வெள்ளி, இருபது மூட்டை. தீபாவளி வரை அவன் மிளகாய் வாங்குவது என்னிடம் மட்டும்.