இரண்டு சின்ன ஊதல்

மதினி,

உங்கள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. இன்று காலையில் உங்கள் மஞ்சள் பையைத் துவைக்கலாமென்று தண்ணீரில் முக்கினேன். அடியில் ஏதோ கையைக் குத்தியது. எடுத்துப் பார்த்தால் அந்தத் தகர விசில். வாயில் வைத்தேன், ஊதவில்லை. துருவும் வெற்றிலைச் சுண்ணாம்பும் கலந்த ருசி. துவைகல்லிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தொண்டை ஆபரேஷன் முடிந்து வந்தபோது உங்களுக்குக் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அதற்கு முன்னால் நீங்கள் கரகரவென்று போடும் சத்தத்துக்குக் கடைசிப் புஞ்சையில் மேயும் ஆடும் திரும்பி வந்துவிடும். குரல் போனபிறகு ஒரே வாரத்தில் இரண்டு தடவை ஆடுகள் அடுத்தவர் பருத்தியில் இறங்கிவிட்டன. "இனி ஒருத்தன் சண்டைக்கு வந்தாம்னா மந்தையோட வித்துருவேன்" என்றான் அண்ணன். அன்று நீங்கள் சாப்பிடவே இல்லை. ஆடு இல்லாமல் உங்களை நினைத்துப் பார்க்க என்னாலும் முடியவில்லை.

விசில் வாங்கலாம் என்றவள் நான்தான். கோவில்பட்டிச் சந்தைப் பக்கம் புனலும் சிம்னி விளக்கும் செய்கிறவர், மிஞ்சின துண்டுத் தகரத்தில் விசில் செய்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஒவ்வொன்றாக ஊதி, இருப்பதிலேயே காதைக் கிழிக்கிறதை எடுத்தேன். மறுநாள் ரோட்டோரப் புஞ்சையில் நீங்கள் அதை ஊதினீர்கள். ஓர் ஆடுகூடத் தலை நிமிரவில்லை. எட்டயபுரம் பஸ்தான் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யக்கா, பஸ்ஸுக்கு நான் விசிலடிச்சுக்கிடுதேன், நீங்க ஆட்டப் பாருங்க" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நீங்கள் சிரித்தது அன்றைக்குத்தான். சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

அடுத்த சந்தைக்கு மந்தையின் முன்னால் போகும் கிடாயையும் கயிறு கட்டி இழுத்து வந்தீர்கள். வெட்கத்தில் நான் பத்தடி தள்ளியே நடந்தேன்.

"விசில் வாங்க ஆட்டக் கூட்டிட்டு வந்தது இவியதான்" என்று தகரக்கடை அண்ணாச்சி சிரித்தார்.

"கேக்கப் போறது அதுதானட்டி. நீயா மேயப் போற?" என்று என் காதில் காற்றாகச் சொன்னீர்கள்.

அவர் ஊத ஊத, கிடாய் கடைத் துணியை மென்றுகொண்டிருந்தது. கடைசியாக டப்பாவின் அடியில் வாய் கோணிய ஒன்று கிடந்தது. "இது சரியா வரல, தாயி. கழிச்சுப் போட்டது" என்று சொல்லிக்கொண்டே ஊதினார். அடித்தொண்டையில் கரகரவென்று வந்தது. கிடாய் மெல்லுவதை நிறுத்தியது. அவரைப் பார்க்கவில்லை மதினி, உங்கள் முகத்தைப் பார்த்தது. நீங்கள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். அதற்கப்புறம் விற்கிற பேச்சை அண்ணன் எடுக்கவில்லை.

நீளமாக ஒன்று ஊதினால் ஆட்டுக்கு. சின்னதாக இரண்டு ஊதினால் எனக்கு. அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு ஓடிவந்தால், சும்மாதான் என்று கையை விரிப்பீர்கள். "நானும் ஒங்க மந்தையில ஒண்ணா?" என்று வைவேன். ஆமாம் என்று தலையாட்டுவீர்கள். எவ்வளவு திமிர் உங்களுக்கு!

நீங்கள் போனதிலிருந்து அண்ணன் சத்தத்தை ஆடுகள் மதிப்பதே இல்லை. சாயங்காலம் விசிலை அவனிடம் கொடுத்தேன். நீளமாக ஒன்று ஊதினான். எல்லாம் வந்துவிட்டன. வந்து, அவனைத் தாண்டி உங்களைத் தேடின.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "ஒனக்குன்னு ஒண்ணு ஊதுவாள்லா, அது எப்படி?"

"மறந்துபோச்சு" என்றேன்.

பொய்தான் மதினி. அந்த இரண்டு ஊதலுக்கு, நீங்கள் கூப்பிட்டால்தான் வருவேன்.