மாலையில் புகை விடாத என்ஜின்

அன்புள்ள எஸ்தர்,

நீ கண் மூடிய பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நம் தமிழர் சங்கத்தின் ஆண்டு மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். என் மகன் ரகு மட்டும் படிக்கமாட்டான். பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவனுக்கு வங்காளமும் ஆங்கிலமும் சரளம். தமிழ் பேச்சோடு நின்றுவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உன் முதல் கேள்வி எனக்குத் தெரியும். என்ஜின் நலம். கப்பலில் வேலை பார்த்த உன் தம்பி ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்த அந்தக் கறுப்புப் பொம்மை என்ஜின், இன்னும் என் சாப்பாட்டு மேஜைமேல்தான் இருக்கிறது. ஜாதவ்பூரில் உன் அறைச் சுவர் ஓதம் காத்தது என்று அதை இங்கே கொண்டுவந்து வைத்தாய். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து இறங்குவாய். என் மேஜைவிரிப்பைச் சுருட்டி ஓரத்தில் எறிந்துவிட்டுத் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டுவாய். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லித்தரும் பெண்பிள்ளை செய்கிற காரியமா இது என்று நான் கேட்பேன்.

"வாயை மூடிக்கிட்டுக் காப்பியைக் கொண்டா சாரதா, புகை வரப்போகுது" என்பாய்.

வரும். நம் கான்வென்ட் விடுதிக்குப் பின்னால் போன பாசஞ்சர் வண்டியைப் போலவே சின்னச் சின்னக் கொத்தாக வரும். நான் பார்க்காததுபோல் பார்ப்பேன். மேஜைவிரிப்பில் எண்ணெய்க் கறை என்று சண்டை போடுவேன். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

நீ போனதும் முதலில் எனக்கு உறைத்தது வேறு. வேலைக்காரியிடம் வங்காளம், பால்காரனிடம் இந்தி, பாங்கில் ஆங்கிலம். தமிழில் பேச ஆளில்லை. ஒரு நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன சாரதா, சாப்பிட்டியா?" என்று நானே கேட்டுப் பார்த்தேன். வேறு யாரோ கேட்டதுபோல் இருந்தது.

அன்றைக்குத்தான் உன் என்ஜினைக் கையில் எடுத்தேன். புகைபோக்கிக்குள் ஒரு சிறு குழல், அதற்குள் ஒரு திரி, திரியைச் சுற்றி மயிரிழை போல ஒரு கம்பி. மின்சாரத்தில் கம்பி சூடேறினால் திரியில் ஊறிய எண்ணெய் புகையாகிறது. இவ்வளவுதானே என்று, குத்துவிளக்குக்கு விடுவதுபோல் விளிம்பு தளும்ப எண்ணெய் விட்டேன். கொப்பளித்ததே தவிரப் புகையவில்லை. "திரி நனைஞ்சா போதும், முழுகக்கூடாது" என்று நீ உன் தம்பி மகளிடம் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. என்ஜினை ஒற்றுத்தாளில் தலைகீழாகக் கவிழ்த்து, மிச்ச எண்ணெயை வடித்து, மறுபடி சொட்டுச் சொட்டாக விட்டேன். வந்தது பார், புகை! கை தட்டினேன் என்றால் நம்புவாயா? நானே நம்பவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் குளித்துப் பூஜை முடித்ததும் உன் வண்டியை ஓட்டுவது வழக்கமாயிற்று. ரகுவுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது, 'எஸ்தரின் என்ஜின் காலைதோறும் புகை விடுகிறது. அவள் எதிரே உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்தேன். நல்ல வரி என்றுதான் நினைத்தேன். பம்பாயில் அதைப் படித்த என் பிள்ளை பயந்துபோனான்.

துர்கா பூஜோ விடுமுறைக்கு மனைவி மாலதியோடு வந்து இறங்கினான். வந்த அன்று மாலையே, "அம்மா, அந்த ரயிலைக் காட்டுங்களேன்" என்றான். எனக்குப் பெருமை. பட்டுப்புடவைக்கு மாறாத குறைதான். எண்ணெயை அளவாக விட்டு, தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டியின் கைப்பிடியைத் திருப்பினேன். வண்டி ஊர்ந்தது. புகை வரவில்லை. கைப்பிடியைக் கடைசிவரை திருப்பினேன். ஓட்டம் கொஞ்சம் கூடியது. புகை இல்லை.

"காலையில்கூட வந்ததேடா."

"வந்திருக்கும்மா. இப்ப நல்லா ஓடுதில்ல, அது போதும்" என்றான் ரகு. காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசும் குரல் அது. அந்தக் குரலில் ஒரு காலத்தில் நான் அவனிடம் பேசியிருக்கிறேன்.

பிறகு சமையலறையில் இருவரும் பேசியது என் காதில் விழுந்தது.

"புகையே வரலியே ரகு. அவங்க எதையோ நினைச்சுக்கறாங்க. வீடும் ஒரே இருட்டா இருக்கு. பல்புகூட மாத்தறதில்ல போல."

"தனியா விட்டது தப்பு. திரும்பிப் போறப்ப கூட்டிட்டுப் போயிடலாம். டிக்கெட் போட்டுடறேன். வீட்டைக் காலி பண்றதாச் சொல்லிடறேன்."

எஸ்தர், முப்பது பேர் நடுவே ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். வீட்டுக் கணக்கில் ஒரு நயாபைசா பிசகவிட்டவள் அல்ல. எனக்குப் புத்தி தடுமாறுகிறதாம். அதற்குச் சாட்சி உன் பொம்மை ரயில்!

மறுநாள் ரகு கார்டன் ரீச்சுக்கு யாரையோ பார்க்கப் போனான். மாலதி கடைக்குப் போனாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எண்ணெயை முழுக்க வடித்தேன். குழலுக்குள் காற்றுக் குமிழ் அடைத்திருக்குமோ என்று மெல்ல ஊதினேன். ஊசியால் குத்தவில்லை, கம்பி அறுந்துவிடும் என்று நீ உன் தம்பி மகளின் கையில் அடித்தது நினைவிருந்தது. டார்ச் பல்பையும் பாட்டரியையும் வைத்துக் கம்பியைச் சோதித்தேன். பல்பு எரிந்தது, கம்பி அறவில்லை. தண்டவாளத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். பழுது என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. சாட்சி இல்லாமல் வரும் புகை எனக்கு எதற்கு?

மாலை இருவரையும் உட்காரவைத்து ஓட்டினேன். புகை வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலைகளில் நான் பார்த்தது என்ன? புகையா, அல்லது நீ வேண்டும் என்ற நினைப்பா? எழுந்து போய்ப் பெட்டியில் புடவைகளை அடுக்கத் தொடங்கினேன். இரண்டு புடவை வைத்திருப்பேன். கூடத்திலிருந்து மாலதி கூப்பிட்டாள்.

"அத்தை, இந்த ஃபேன் ஏன் இப்படிச் சுத்துது? நானே கையால சுத்திவிட்டாக்கூட இதைவிட வேகமாச் சுத்தும்."

"சாயங்காலம்னா இங்கே அப்படித்தான். தெருமுனைப் பூஜைப் பந்தலில் விளக்குப் போட்டுட்டாங்கல்ல, வோல்டேஜ் இருக்காது" என்றேன், புடவையை மடித்துக்கொண்டே.

மடித்த கை நின்றது.

எத்தனை வருஷமாக இந்த ஊரில் அழுது வடியும் பல்பின் அடியில் சாப்பிட்டிருக்கிறோம். அது எனக்கு இருட்டாகவே தெரிவதில்லை. வெளியூர்ப் பெண் வந்து சொல்லவேண்டியிருந்தது. வோல்டேஜ் பாதியானால் கம்பியின் சூடு பாதியாகாது, கால் பங்காகிவிடும் என்று இதே மேஜையில் நீ பரீட்சைத் தாள் திருத்தும்போது புலம்பியிருக்கிறாய், ஒரு பெண்ணும் இதைச் சரியாக எழுதவில்லை என்று. வண்டி ஊர்ந்து போக அந்த மின்சாரம் போதும். எண்ணெய் புகையப் போதாது. குற்றம் என்ஜினில் இல்லை, என் தலையிலும் இல்லை. சுவரில் இருக்கும் பிளக்கில்!

ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தல் விளக்குகள் அணைந்திருந்தன. ஃபேன் சுழலும் காற்றில் காலண்டர் படபடத்தது. "இரண்டு பேரும் வந்து உட்காருங்கள்" என்றேன். ரகு வேண்டா வெறுப்பாக நாற்காலியை இழுத்தான். நான் கைப்பிடியைத் திருப்பினேன்.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றில், ஜன்னல் பக்கம் திரும்பும்போது, புகைபோக்கியின் வாயில் நூல்போல ஒன்று எழுந்தது. பிறகு கொத்துக் கொத்தாக வந்தது.

"ஏ, வருது ரகு! வருது பாரு!" என்று மாலதி எழுந்தேவிட்டாள்.

நான் வோல்டேஜ் விஷயத்தை விளக்கினேன். ரகு கேட்டுக்கொண்டான், சிரித்தான், என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "நீங்க எங்க எல்லாரையும்விடத் தெளிவா இருக்கீங்கம்மா. நான்தான் மக்கு. நிம்மதியா நீங்க இங்கேயே இருங்க. உங்க டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன்."

அவன் முகத்தில் பரீட்சை முடிந்துவிட்ட பையனின் தெளிவு. பம்பாயில் அவர்களுக்கு இரண்டே அறைகள். மாலதியும் வேலைக்குப் போகிறவள். அவனைக் குறை சொல்லமாட்டேன். ஆனால், எஸ்தர், இன்னும் ஒரே ஒரு தடவை, "இருந்தாலும் வாங்கம்மா" என்பான் என்று காத்திருந்தேன். அதற்குத் தகுந்த மறுப்பைக்கூட ஆங்கிலத்தில் தயாராக வைத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. நான் நிரூபித்துவிட்டேனே, பிறகு எதற்குச் சொல்லவேண்டும்?

ஹௌராவில் வண்டி நகரும்போது மாலதி ஜன்னலில் கையை நீட்டி, "லெட்டர் போடுங்க அத்தை" என்றாள். போடுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்த இரண்டு புடவைகளையும் எடுத்து அலமாரியில் வைத்தேன். பிறகு அன்று செய்ய வேலை எதுவும் இல்லை.

ஜெயித்தவள் இப்படியா இருப்பாள்? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "வேணும் உனக்கு" என்றிருப்பாயா? அதையாவது யாராவது தமிழில் சொல்லக்கூடாதா?

நீயே கேட்டாலும் மறுப்பேன் என்று நினைத்திருந்த ஒரு காரியத்தைச் செய்வதாக உனக்கு வாக்குத் தருகிறேன். நாளைக் காலை ரகுவுக்கும் மாலதிக்கும் எழுதப் போகிறேன். நான் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல் என்று முடிகிற கடிதம் அல்ல. எனக்கு இங்கே தனிமையாக இருக்கிறது, தை பிறந்ததும் வந்து என்னைக் கொஞ்ச நாளைக்கு அழைத்துப் போங்கள் என்று எழுதுவேன். கான்வென்ட்டில் வாழ்த்து எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள், இரங்கல் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்படிக் கேட்டு எழுத யாரும் சொல்லித்தரவில்லை. அடித்தல் திருத்தல் நிறைய வரும். படி எடுக்கமாட்டேன். அடித்தல் திருத்தலோடு அப்படியே தபாலில் சேர்த்துவிடுவேன்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
சாரதா