அக்கா கொட்டிய சூப்பு

செவ்வாய்க்கிழமை

இல்லை, அவள் குடிக்கவில்லை. இதை எழுதிவைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அக்காவுக்கு இது எட்டாம் மாதம். உடம்பில் இரத்தம் போதாது என்று கிளினிக்கில் சொன்னதும், அவள் புருஷன், மச்சான், லுணுகலையிலுள்ள தன் வீட்டிலிருந்து காடை கொண்டுவந்தார். உப்புத் தடவி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் காயவைத்தது. "அவிச்சு மொதத் தண்ணியக் கொட்டிரும்மா" என்றார். நான் கேட்கவில்லை. சத்தெல்லாம் அதில்தானே இறங்கியிருக்கும் என்று, மிளகு தட்டிப்போட்டு, ருசிகூடப் பார்க்காமல், நேற்று அந்தத் தண்ணீரையே சூப்பாக ஒரு கோப்பை நிறைய, அவித்த கறியோடு அவளிடம் கொடுத்தேன். பிறகுதான் சட்டியில் மிஞ்சியதை நாக்கில் விட்டேன். கடல் தண்ணீர். அவளுக்குப் போன கிழமைதான் பிரஷர் கூடியிருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன், கோப்பை காலி. யாரிடமும் சொல்லவில்லை.

இன்று பதுளை கிளினிக்கில் பிரஷர் சரியாகவே இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதையா? ஒரே பொக நாத்தம்டி. நீ அங்கிட்டுத் திரும்புனதும் ஜன்னலுக்கு வெளிய ஊத்திட்டேன். நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

"அப்ப கறி?"

"கறி நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கும் வையி. சூப்பு மட்டும் வேணாம் தாயே."

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த எனக்குத் தெரியாதது அந்த நாய்க்குத் தெரிந்திருக்கிறது.

மிச்சமிருந்த இரண்டு காடைகளையும் அவித்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து படுத்தேன்.