வாய் திறக்காத பட்டன்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எங்கள் கம்பெனியின் பாட்டுப் பதிவு சாஃப்ட்வேரை எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளும்படி இன்ஸ்டாலர் செய்வதுதானே என் வேலை? மூன்று வகை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் ஒரே மாதிரி அழகாகத் தெரியட்டும் என்று பட்டன்களை நானே படமாக வரைந்திருந்தேன். போன வாரம் பார்வையில்லாத பாட்டு டீச்சர் ஒருவர் போன் செய்தார்.

"திரையில இருக்கறதை எல்லாம் என் கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்லும்மா. உங்க இன்ஸ்டாலர் வந்தா மட்டும் வாயே திறக்க மாட்டேங்குது."

திரையை அணைத்துவிட்டு, படித்துச் சொல்லும் வசதியை மட்டும் நம்பி நானே முயன்று பார்த்தேன். இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை; படமாக வரைந்த பட்டனில் இருக்கும் எழுத்தை அதனால் படிக்க முடியாதாம். வெட்கமாகப் போய்விட்டது. படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தந்த சிஸ்டத்தின் சொந்தப் பட்டன்களையே வைத்தேன். மூன்று நாள் பிடித்தது.

நேற்று டீச்சர் மறுபடி பேசினார். "யாரையும் கூப்பிடாம நானே போட்டுட்டேன்" என்றவர், ஒரு பாட்டு முழுவதும் பாடிக் காட்டினார். மேனேஜர் முறைத்தார். நான் போனை வைக்கவில்லை.

அப்பா, இனிமேல் எனக்கு டைப் செய்து அனுப்பாதீர்கள். போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள், உங்கள் குரலைக் கேட்க வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் அன்றைய பேப்பரைப் படித்தாலும் போதும். நடுவில் இருமினால் அழிக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் சின்னவள்