சாவி எடுத்த பிறகும் ஓடிய இன்ஜின்

நன்னிலம்
16-2-2009

அன்பு மகன் அருள்பிரகாஷுக்கு அப்பா குழந்தைராஜ் எழுதுவது.

ஆண்டவர் அருளால் இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. யாவரும் உயிரோடு இருக்கிறோம், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பது மட்டும் சத்தியம். அதை இரண்டு தரம் படித்துக்கொண்டு பிறகு மற்றதைப் படி.

போன வெள்ளிக்கிழமை சார்ஜாவிலிருந்து போன் செய்தபோது "வண்டி எப்படிப்பா ஓடுது?" என்று கேட்டாய். "ஜோரா ஓடுது" என்றேன். பொய். வண்டி கும்பகோணத்தில் மீரா சாகிப் பட்டறையில் இன்ஜினை இறக்கி வைத்தபடி கிடக்கிறது. இந்த அறுபத்திரண்டு வயதில், பெற்ற பிள்ளையிடமே பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் எழுதுகிறேன்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, திருவிடைமருதூரில் விண்ணரசியின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். விண்ணரசிதான் வண்டி ஓட்டினாள். உன் மனைவி நன்றாகவே ஓட்டுகிறாள், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் முன்சீட்டில். பேத்தி ஜாய்ஸ் பின்னால், ஞானஸ்நான வீட்டில் கொடுத்த லட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். திரும்பி வரும்போது குடவாசல் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு. ரோட்டோரம் நெடுகக் காய்ந்த வைக்கோல். எதிரே அறுவடை மெஷின் வருகிறது என்று விண்ணரசி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். இன்ஜின் அடங்கவில்லை. மேலும் மேலும் ஏறியது.

"மாமா, நான் மிதிக்கவே இல்ல மாமா" என்றாள். கிளட்சை மிதித்ததும் அது போட்ட கூச்சல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. எப்படியோ நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கைப் போட்டு ஓரத்தில் நிறுத்தினாள். சாவியைத் திருப்பினாள். நிற்கவில்லை. சாவியை உருவியே எடுத்துவிட்டாள். அப்போதும் நிற்கவில்லை. சாவி அவள் உள்ளங்கையில் இருக்கிறது அருள், இன்ஜின் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கிறது. அவள் அந்தச் சாவியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முப்பது வருஷம் ஆயில் இன்ஜினோடு புழங்கியவன் நான். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

அதற்குள் வெள்ளைப் புகை. ரோடும் தெரியவில்லை, வைக்கோலும் தெரியவில்லை. நான் இறங்கிவிட்டேன். நான் இறங்கிவிட்டேன், குழந்தை உள்ளே. பின்கதவு உள்ளேயிருந்து திறக்காதபடி நீ பூட்டு வைத்துவிட்டுப் போனாயே, வெளியே கைப்பிடியை இழுத்தால் திறந்துவிடும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. பைத்தியக்காரன் மாதிரி கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றேன். விண்ணரசிதான் சுற்றி ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கினாள். தள்ளியது சரிதான்.

பக்கத்து வயலில் வீரையன் என்று ஒருவர் பம்புசெட்டுக்கு இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பின் பார்த்ததில்லை. வாய்க்காலில் சாக்கை முக்கி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "காத்த எங்கேருந்துங்க இழுக்குது?" என்று கத்தினார். பானெட்டைத் திறந்து, காற்று போகும் குழாயைப் பிடுங்கி, ஈரச் சாக்கை அதன் வாயில் வைத்து அழுத்தினார். ஒரு உதறு உதறி இன்ஜின் செத்தது. கட்டுக்கு அடங்காத ஆயில் இன்ஜினை இப்படித்தான் நிறுத்துவது. நானே எத்தனை தடவை செய்திருக்கிறேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. அந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் டிராக்டரில் கட்டி மீரா சாகிப்பிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி விட்டு உருவினார். மேல் கோட்டுக்கும் மேலே நாலு விரல் உயரத்துக்கு எண்ணெய். "யாருங்க ஆயில் ஊத்துனது?" என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன்.

ஆமாம் அருள், நான்தான். பொங்கல் முடிந்த வாரம் குச்சியைப் பார்த்தேன், எண்ணெய் கீழ்க் கோட்டருகே நின்றது. நம் வயல் இன்ஜினில் ஊற்றும் வாய் வரை எண்ணெய் நின்றால்தான் எனக்குத் திருப்தி. இதிலும் அப்படியே ஊற்றினேன். வயலுக்கு வாங்கி வைத்திருந்த அதே கெட்டி எண்ணெய், இரண்டரை லிட்டர். இன்னும் வாய்க்கு வரவில்லையே என்று அலுத்துக்கொண்டேன் வேறு. ஞானஸ்நானம் வரை வண்டி கடைத்தெரு, பள்ளிக்கூடம் என்று பக்கத்திலேயே சுற்றியது. தூரமாக ஓடியது அன்றைக்குத்தான்.

நீ எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன காகிதம் அங்கேயேதான் இருக்கிறது. 1248 சி.சி., நாலு சிலிண்டர், எழுபத்தைந்து குதிரைசக்தி, ஆயில் மொத்தமே மூன்று லிட்டர்தான், இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் போதும், மெல்லிய ஆயில் மட்டும், தூரம் ஓடிவந்தால் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும். எல்லாம் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். பால்வாடிப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி எழுதியிருக்கிறான் பார் என்று விண்ணரசியிடம் கேலி செய்தேன். வீட்டு வாசலில் அவள் ஒரு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டால், நின்ற வண்டிக்கு எதற்கம்மா டீசல் என்று நானே சாவியைத் திருப்பிவிடுவேன்.

மீரா சாகிப் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். "ஐயா, இது பம்புசெட்டு இல்லீங்க. அது நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுத்து. இதுல காத்த அழுத்தி உள்ள தள்ளுற டர்போ ஒரு லட்சத்துக்கும் மேல சுத்துங்க. ஊசி மாதிரி ஒரு குழாய்ல வர்ற ஆயில நம்பித்தான் அது உசுரோட இருக்கு" என்றார். கெட்டி எண்ணெய் அந்தக் குழாயில் நேரத்துக்குப் போய்ச் சேராமல் டர்போ தண்டு தேய்ந்திருக்கிறது. சூட்டோடு சூடாக அணைத்ததில் எண்ணெய் உள்ளேயே கருகியிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி ஊற்றியது நுரைத்து, காற்று போகிற வழியில் ஏறி, இன்ஜினுக்கே தீனியாகிவிட்டது. சாவி டீசலைத்தான் நிறுத்தும். அது தன் எண்ணெயைத் தானே எரித்து ஓடும்போது சாவியை யார் மதிப்பது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கலகலவென்று சத்தம் வருகிறது என்று விண்ணரசி சொல்லிக்கொண்டே இருந்தாள். டீசல் வண்டியில் பின்னே வீணையா கேட்கும் என்றேன். அது உள்ளே இருக்கும் டைமிங் செயினாம். எண்ணெய் அழுத்தம் வந்து சேரும்வரை தொளதொளவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. இந்த ரக இன்ஜினில் எண்ணெயில் கோட்டை விட்டால் முதலில் போவது அதுதான் என்கிறார். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓட்டியதில் புகை திரும்பிப் போகிற வால்வும் கரியால் அடைத்துக் கிடந்தது. கடைசியில் அந்த உதறலில் செயின் பல் தாண்டி, இன்ஜின் வால்வுகள் பிஸ்டனில் இடித்து எல்லாம் போயிற்று. ஒக்கிட்டுச் சரிசெய்வதற்கு ஒன்றுமில்லை, வேறு இன்ஜின்தான் வைக்க வேண்டும்.

ஜாய்ஸ் நன்றாகச் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் வயலில் இன்ஜின் ஸ்டார்ட் செய்தால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுகிறாள். நேற்று என்னிடம் வந்து, "தாத்தா, அப்பா வந்தா வண்டி சொன்ன பேச்சு கேக்குமா?" என்று கேட்டாள். உன் அம்மா இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

நீ மார்ச்சோடு வேலையை முடித்துக்கொண்டு வந்து இந்த வண்டியைத் திருச்சி ஏர்போர்ட்டுக்கும் வேளாங்கண்ணிக்கும் வாடகைக்கு ஓட்டப் போகிறேன் என்று இருக்கிறாய். ஆறு வருஷம் அந்த வெயிலில் பிறர் வண்டியை ஓட்டியது அதற்காகத்தான். அந்த வண்டியைத்தான் நான் கெடுத்துவிட்டேன். கம்பெனியில் மறுபடி இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். விண்ணரசி என் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாள்: "மாமா, அவங்களுக்கு எழுதாதீங்க. வண்டி போச்சுன்னு தெரிஞ்சா கையெழுத்துப் போட்டுடுவாங்க. வந்து எறங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." அவள் தைரியசாலி, ரோட்டில் அழாதவள், இதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

ஆனால் என் பொய்யை நம்பி நீ வேலையை விட்டுவிட்டு வரக்கூடாது. தெரிந்தே வர வேண்டும். அதனால் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து இதே ரக இன்ஜின் திருச்சியில் கிடைக்கும் என்று மீரா சாகிப் சொல்கிறார். நீ பார்த்து, நீ தட்டிக் கேட்டு, நீ ஏற்றினால்தான் எனக்கு நம்பிக்கை. நான் இனி அதன் பக்கமே போக மாட்டேன்.

கையெழுத்துப் போடாதே அருள். உன்னிடம் இதுவரை எதையும் கேட்டவன் இல்லை, இதைக் கேட்கிறேன். என் மேல் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், வரத்தான் வேண்டும். ஆனால் அதைப் போனில் தீர்த்துவிடாதே. இங்கே வந்து, என் எதிரே நின்று, பிள்ளையும் மருமகளும் பார்க்க எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஆண்டவர் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் திட்டை நேரில் வாங்கக் காத்திருக்கும்,
அப்பா