பறையை எழுப்புவது

அண்ணா,

இன்று மாலை எஸ்டேட் கோயிலின் பின்புறம் பழைய நாளிதழ்களை எரித்தார்கள். புகையோடு, சூடேறும் ஆட்டுத்தோலின் வாசமும் நம் வீடுவரை வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. உன் கூட்டாளிகள் திருவிழாவுக்குப் பறை காய்ச்சுகிறார்கள்.

எல்லாரும் காய்ச்சுவது என்பார்கள். நீ மட்டும் எழுப்புவது என்பாய். ஈரத்தில் தொய்ந்த தோல், சாம்பலுக்குள் கிடக்கும் கரி, மழையில் நனைந்து அடம்பிடிக்கும் உன் மோட்டார் சைக்கிள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். புதிதாகச் செய்யும் எதற்கும் நீ அதைச் சொன்னதில்லை. நான் பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோது, "இவளையும் எழுப்பணும்லா" என்று சிரித்தாய். மறுநாள் உன் பறையை என் கையில் கொடுத்தாய். பையன்கள் அவசரப்பட்டு நெருப்பில் நீட்டித் தோலைக் கிழித்துவிடுவார்கள், "உனக்குத்தான் பொறுமை இருக்கு" என்றாய்.

"நெருப்புக்கிட்ட கொண்டு போவாத. சூடு தானா வந்து தொடட்டும்."

யாரிடமும் பேசாத நான், அதன் பிறகு எல்லாத் திருவிழாவிலும் அந்த நெருப்பருகே உட்கார்ந்தேன்.

செண்டாயானில் வேலை முடிந்து திரும்பும்போது உன்மீது லோரி மோதியது. மறுநாள் காலை உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அம்மா என்னிடம், "அவன எழுப்புடி, வேலைக்கு நேரமாச்சு" என்றாள். நான் வழக்கம்போல் உன் கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டினேன்.

அன்றே அம்மா உன் பறையைக் கைலியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டாள். அந்தச் சத்தத்தை இனித் தன்னால் தாங்க முடியாது என்றாள். இன்று உன் கூட்டாளி முகிலன் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"இப்படியே கெடந்தா தோலு வீணாப் போயிரும்மா. ஒரே ஒரு தடவ அடிச்சிட்டுத் தந்துர்றோம்."

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் நாற்காலி போட்டு ஏறிப் பறையை எடுத்தேன்.

தோல் தளர்ந்து கிடந்தது. கோயிலின் பின்புறம் கொண்டுபோய், நெருப்பிலிருந்து தள்ளிப் பிடித்து, மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். விரலால் தட்டினால் முதலில் ஊமையாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கணீரென்றது. முகிலன் அண்ணன் வாங்கி, நீ எப்போதும் தொடங்கும் அடியையே தொடங்கினார்.

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். நெருப்பைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகிலன் அண்ணனின் கை நின்றது. அம்மா, அடி என்பதுபோல் தலையசைத்தாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும், அடுத்த தடவை யார் காய்ச்சுவது என்று யாரோ கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால் என் வாய் திறந்தது.

"நான் எழுப்புறேன்."

அம்மாவின் பிடி இறுகியது, அண்ணா.