பைக்குப் போட்ட பெல்ட்

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. நீ சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன், காரணம் பின்னால் வரும். உன் அண்ணன் மாடியில் ஓர் அறை கட்டுகிறான். மேற்கே ஜன்னல் வைக்காதேடா, வெயில் வறுத்து எடுத்துவிடும் என்றேன், அம்மா உங்களுக்கு ரெக்சினைப் பத்தி மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டான். போகட்டும், நான் எழுத வந்ததும் ரெக்சினால் வந்த கதைதான்.

போன மாதம் நம் சீட் கவர் கடைக்கு ஓர் ஆம்புலன்ஸ் வந்தது, பின் சீட்டின் உறை கிழிந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று. ஓட்டுநருக்கு மீசை என்று பட்டப்பெயர், பார்த்தால் மீசையே இல்லை. கூட உன்னைப் போலவே நோயாளியைக் கவனிக்கிற ஒரு பெண், நல்ல துறுதுறுப்பு. நீ ஆறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாய், நான் ஒருநாளும் அப்படி ஒரு வண்டிக்குள் ஏறிப் பார்த்ததில்லையே என்று தோன்றியது. தையல்காரரை அனுப்பாமல் டேப்பை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். எதற்கு இந்தக் குழாய், இது ஏன் சிவப்பு, இந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்ட கேள்வியில் மீசை, ஏம்மா சீட்டை அளக்க வந்தீங்களா இல்ல வண்டியையே வாங்கப் போறீங்களா என்று கேட்டுவிட்டார். அளக்கப் போனால் சீட் பெல்ட்டைக் காணோம். தேடினால், பக்கத்தில் இருந்த மருந்துப் பையைச் சுற்றி இறுக்கி மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், பிரேக் அடிச்சா பை பறந்துடும்மா, அதான் என்றாள். நீ பறக்கமாட்டியா என்றேன். நான் எதையாவது புடிச்சுக்குவேன் என்று சிரித்தாள். பையில் இருப்பது விலை போட்ட சாமான், உடைந்தால் மேலிடத்தில் கேள்வி வருமாம்.

எனக்கு அது மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. ஒற்றைத் தையல் மெஷினில் தொழில் தொடங்கியவள் நான், ஒரு பொருள் ஏன் பயன்படவில்லை என்று தெரியாமல் விடமாட்டேன். பெல்ட்டைக் கழற்றி அவளுக்கே மாட்டி, கையை நீட்டச் சொல்லி அளந்தேன். நோயாளி படுத்தால் நெஞ்சு எட்டுகிறது, எதிர்ச் சுவர் அலமாரி எட்டவில்லை, ஒரு முழம் குறைகிறது. அடிக்கடி எடுக்கிற கையுறை, பஞ்சு, மாஸ்க், வாந்திப் பை எல்லாம் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. ஒரு தடவை போய் வருவதற்குள் எத்தனை முறை எழுந்திருக்கிறாய் என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன், மறுநாள் பதினான்கு என்றாள். ரெக்சினில் ஆறு அறை வைத்து ஒரு தொங்கு பை தைத்து, அவள் கைப்பக்கமே மாட்டிக் கொடுத்தேன். மருந்துப் பைக்குத் தனியாக ஒரு வார், பெல்ட் அவளுக்கு. பதினான்கு மூன்றாகிவிட்டது, அதில் ஒன்று நோயாளியின் மாமியாரை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வதற்காம். ஆனால் நெஞ்சை அழுத்த வேண்டி வந்தால் எழுந்துதான் ஆக வேண்டும், மீசைக்குக் குரல் கொடுத்தால் வேகத்தைக் குறைக்கிறார், அதற்குமேல் வழி அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அங்கே நீங்கள் என்ன செய்கிறீர்கள், எழுது.

பத்து நாள் கழித்து அவள் கடைக்கு வந்தாள், எதுவும் வாங்கவில்லை, கல்லா பக்கத்தில் சும்மா நின்றாள். அன்று காலையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் குறுக்கே பாய்ந்து, மீசை வண்டியைக் கிரீச்சென்று நிறுத்தியிருக்கிறார். எதிர்ச் சுவர்ப் பெட்டி அவள் காலடியில் வந்து விழுந்தது, அவள் சீட்டிலேயே இருந்தாள். தோளில் பெல்ட் அழுத்திய தடத்தைக் காட்டினாள். இது வலிக்குதும்மா என்று சொல்லி அழுதுவிட்டாள்.

அவள் போனதும் நீ வண்டிக்குள் உட்கார்ந்து எடுத்து அனுப்பிய போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பெல்லாம் உன் சிரிப்பை மட்டும்தான் பார்ப்பேன். உன் பக்கத்திலும் ஒரு பை இருக்கிறது, பெல்ட் அதன் மேல் இருக்கிறது. சரி, இப்போது சொல். உன் நெற்றியில் மூன்று தையல், உன் அறை அலமாரிக் கதவு இடித்தது என்றாய். கதவு நெற்றியை இடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதே கதவு எப்படித் தோளையும் இடித்தது? வீடியோ காலில் தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தாயே, நீ எப்போது இடதுகைக்காரி ஆனாய்? மேலிடத்தில் சொன்னாயா, இல்லை வண்டியிலிருந்து இறக்கி மேஜை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து அங்கேயும் அலமாரிக் கதைதானா? திட்டமாட்டேன். வேலையை விடு என்றும் சொல்லமாட்டேன், அந்த வண்டிக்குள் ஏறி வந்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோளை எக்ஸ்ரே எடு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு, நீ எத்தனை முறை எழுந்திருக்கிறாய் என்று எண்ணி எனக்கு எழுது. உனக்குத் தைக்கும் தொங்கு பையை எந்தப் பக்கம் மாட்ட வேண்டும், சுவரில் என்ன அளவு இடம் இருக்கிறது என்றும் எழுது.

நோயும் அடியும் அண்டாமல், நீ தொட்டவர்களெல்லாம் பிழைத்து, நீயும் முழுசாக வீடு திரும்ப வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. பதிலை என் பெயருக்குத் தனியாக அனுப்பு. அப்பா நீ சொன்னதை அப்படியே நம்பிவிட்டார், நீ லீவில் வரும்போது இடிக்கக் கூடாதென்று ஒரு வாரமாக நம் வீட்டு அலமாரிக் கதவுகளின் மூலையிலெல்லாம் ஃபோம் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

உண்மையை எதிர்பார்த்து,
உன் அம்மா